ஆட்டு இதயத்தை அறுத்துப் பார்த்துக் கரோனரி ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

இதயத்தின் அறைகளில் எந்நேரமும் ரத்தம் இருக்கிறது. ஆனால் சுவர் தடிமனாக இருப்பதால், உள்ளே இருக்கும் ரத்தம் சதை முழுவதையும் எட்டாது. அதற்கென்று தனிக் குழாய்கள் உண்டு; அவைதான் கரோனரி தமனிகள். அவற்றைக் கண்ணால் பார்க்க, கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ ஒரு கறிக்கடைக்குப் போனால் போதும்.

ஆட்டு இதயத்தை முழுசாகக் கேளுங்கள். "துண்டு போட்டுறாதீங்க பாய், மேல இருக்கிற பெரிய குழாய ரெண்டு விரக்கடை விட்டு அறுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நமக்கு வேண்டிய இடமே அதுதான்.

கழுவியதும், இருப்பதிலேயே தடித்த சுவருள்ள குழாயைத் தேடுங்கள். அதுதான் பெருந்தமனி. கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டினால், அடியில் சட்டைப்பை போல மூன்று மெல்லிய மடல்கள் தெரியும். அவற்றில் இரண்டின் பின்னால் ஆளுக்கொரு துளை. கரோனரி தமனிகள் புறப்படும் இடம் இது.

ஊசி கழற்றிய சிரிஞ்சில் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை எடுத்து, இடப்பக்கத் துளையில் முனையை அழுத்தி வைத்து மெதுவாகச் செலுத்துங்கள். மேற்பரப்பில், கொழுப்புக்கு இடையே, நிறம் கிளைவிட்டு ஓடும்.

இனிதான் முக்கியமான விஷயம். இதயம் சுருங்கும்போது இடது கீழறையின் சதை இறுகி, தனக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்குகிறது. அதனால் அந்தச் சதைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் போய்ச் சேர்கிறது. இதயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரிய வியப்பு இதுதான்.

மனிதருக்கு ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. ரத்தம் இதயத்தசைக்குப் போகிறது. அது கொண்டுவரும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தசை அப்போதே எடுத்துக்கொள்கிறது. ஆகவே தொண்டிப் பக்கம் கரைவலை இழுப்பவரின் இதயத்துக்கு இன்னும் ஆக்சிஜன் வேண்டுமென்றால், கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும். துடிப்பு வேகமெடுப்பதால் தளரும் நேரமோ குறைகிறது! உழைக்கும் தசை வெளிவிடும் அடினோசின், குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு போன்றவை சிறு தமனிகளை விரித்து ஓட்டத்தை நான்கு மடங்கு வரை கூட்டுகின்றன.

பெரிய கரோனரி தமனியில் கொழுப்பு அடைத்திருந்தால், சிறு தமனிகள் சும்மா இருக்கும்போதே விரிந்து ஈடுகட்டிக்கொண்டிருக்கும். வலை இழுக்கையில் மேலும் விரிய வழியில்லை. நெஞ்சு இறுகும், உட்கார்ந்தால் தணியும். வாயு என்று சோடா குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். உட்கார்ந்தும் தணியாவிட்டால் உடனே 108. தணிந்துவிட்டாலும் டாக்டரிடம் போய், "வலை இழுக்கும்போதுதான் வருது" என்று மறக்காமல் சொல்லுங்கள். ஓய்வில் எடுக்கும் இசிஜி சில நேரம் ஒரு குறையும் காட்டாது.