பாடகர் மனம் மாறினாலும் பதறாமல் இருக்க: மேடைக்காகக் கீபோட்டை ஒழுங்குபடுத்தும் முறை

போன வைகாசி, மட்டக்களப்பில் ஓர் அம்மன் கோயில் மேடை. கையில் 22 பாட்டுகளின் பட்டியல். அதே ஒழுங்கில் கீபோட்டிலும் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்தேன். இரண்டு பாட்டு முடிந்ததும் பாடகர் என் பக்கம் திரும்பி, "அண்ணன், தலைவர் கேக்கிறார், அந்தப் பதினெட்டாவத இப்ப பாடுவம்" என்றார். நான் பதினெட்டைத் தேடி எடுப்பதற்குள் அறிவிப்பாளர் மைக்கில் மூன்று தரம் நன்றி சொல்லி, நாலாவது தரத்துக்கு ஆளில்லாமல் நின்றார்.

நம் ஊர் மேடைகளில் பட்டியல் ஒரு மரியாதைக்குத்தான். கோயில் திருவிழா, கலியாண வீடு, பாடசாலை ஒளிவிழா, எங்கே போனாலும் மூன்றாவது பாட்டிலேயே ஒழுங்கு குலையும். அதனால் நிகழ்ச்சி ஒழுங்கைக் கீபோட்டுக்குள் அடுக்காதீர்கள். எந்தப் பாட்டைக் கேட்டாலும் ஐந்து வினாடிக்குள் எடுக்கிற மாதிரி அடுக்குங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

நான் வாசிப்பது யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் வரிசை. அதனால் அதில் உள்ள பெயர்களையே சொல்கிறேன். கோர்க் பிஏ வரிசையில் இதே வேலையை 'சோங்புக்' செய்கிறது.

முதலில்: கீபோட் எதை நினைவில் வைக்கிறது?

பாட்டொன்றுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த குரல்கள் (பியானோ, புல்லாங்குழல் போன்ற வாத்திய ஒலிகள்), ஸ்டைல் (கீபோட் தானாக வாசிக்கும் தாளமும் பின்னணியும்), வேகம், டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்குவது), ஒலியளவு, எஃபெக்ட் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அடக்குவதுதான் 'ரெஜிஸ்ட்ரேஷன்'. அந்தப் பொத்தான்கள் சேர்ந்தது ஒரு பேங்க். எஸ்எக்ஸ்900-இல் ஒரு பேங்குக்கு 10 பொத்தான், எஸ்எக்ஸ்600-இல் 8.

புதியவர்கள் எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் ஒன்று இதில் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரேஷனுக்குள் ஸ்டைல் கிடையாது. ஸ்டைல் எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கிறது. கடிதத்தில் வீட்டு விலாசம் எழுதிவிட்டு வீட்டை இடம் மாற்றினால் தபால்காரர் என்ன செய்வார்?

நான் அதைச் செய்திருக்கிறேன். கல்முனையில் ஒரு கலியாண வீட்டுக்கு முதல் நாள் இரவு, பென் டிரைவில் 'புது ரிதம்' என்று கிடந்த ஃபோல்டரின் பெயரை அழகாக மாற்றி வைத்தேன். அடுத்த நாள் மேடையில் பொத்தானை அழுத்தினால் குரல் மாறுகிறது, ரிதம் மாறவில்லை. மெல்லிசைக்கு முந்தின பாட்டின் குத்துத் தாளம். ஒக்டபாட் (மின் தாளப் பலகை) வாசிக்கிற தம்பிதான் அன்று என் மானத்தைக் காப்பாற்றினான்.

ஆகவே பாட்டு ஒன்றையும் சேமிக்க முன்னர் இந்த வேலையை முடியுங்கள். வெளியில் இருந்து எடுத்த ஸ்டைல்களை எல்லாம் பென் டிரைவிலிருந்து கொப்பி செய்து, கீபோட்டின் சொந்த நினைவகமான 'யூசர்' பகுதியில் ஒட்டுங்கள். ஃபோல்டர்களுக்குப் பெயர் வையுங்கள். வைத்த பெயரை அதற்குப் பிறகு தொடவே வேண்டாம். பென் டிரைவ் தொலைந்தாலும் ரிதம் கீபோட்டுக்குள் இருக்கும்.

ஒரு பாட்டுக்கு ஒரு பேங்க்

பத்துப் பொத்தானில் பத்துப் பாட்டைப் போடலாம், சிக்கனம்தான். ஆனால் பாட்டின் நடுவில் புல்லாங்குழல் தேவைப்பட்டால் கை திரையில் அலையும். நான் ஒரு பாட்டுக்கு ஒரு பேங்க் கொடுக்கிறேன். எந்தப் பாட்டென்றாலும் பொத்தான்களின் வேலை ஒன்றுதான்:

1 – தொடக்க இசை
2 – பல்லவி
3 – முதல் இடையிசை
4 – சரணம்
5 – இரண்டாவது இடையிசை
கடைசிப் பொத்தான் – வெறும் பியானோ

அந்தக் கடைசிப் பொத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இடக்கைக் கோர்ட்டையும் ஸ்பிளிட்டையும் (கீபோட்டை இரண்டு பகுதியாகப் பிரிப்பது) நிறுத்தி, முழுக் கீபோட்டையும் பியானோவாக வைத்துச் சேமித்தது அது. பாடகர் தாளத்தை விட்டு ஓடினாலோ, சொல்லாமல் விருத்தம் எடுத்தாலோ, ஸ்டைலை நிறுத்திவிட்டு அந்தப் பொத்தானுக்குப் போனால் இரண்டு கையாலும் அவர் பின்னாலேயே போகலாம். எல்லாப் பேங்கிலும் அது ஒரே இடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே கை போகும்.

சேமிக்கிற விதம்: தொடக்க இசைக்கு வேண்டிய குரல், ஸ்டைல், வேகம் எல்லாவற்றையும் முதலில் அமையுங்கள். 'மெமரி' பொத்தானை அழுத்தினால் எதையெல்லாம் நினைவில் வைக்கவேண்டும் என்று ஒரு பட்டியல் திரையில் வரும், பக்கத்தில் சரி அடையாளங்களோடு. பிறகு 1-ஐ அழுத்துங்கள். சரி, ஒன்று முடிந்தது. குரலை மாற்றி, மறுபடி மெமரி, பிறகு 2. இப்படியே போகும்.

அந்தச் சரி அடையாளங்களை அலட்சியம் செய்யாதீர்கள். பொத்தான் 1-இல் எல்லாவற்றுக்கும் அடையாளம் இருக்கட்டும். முக்கியமாக டிரான்ஸ்போஸுக்கு, அது பூச்சியமாக இருந்தாலும். இல்லாவிட்டால் முந்தின பாட்டுக்கு வைத்த டிரான்ஸ்போஸ் அப்படியே தங்கி நிற்கும், பாடகர் ஒரு சுருதியில், நீங்கள் இன்னொன்றில். ஆனால் 2 முதல் 5 வரை வேகத்தின் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சனம் எழுந்து ஆடத் தொடங்கியதும் நீங்கள் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியிருப்பீர்கள். இடையிசைக்காக 3-ஐ அழுத்தியதும் பாட்டு மீண்டும் பழைய வேகத்துக்கு இழுபட்டால் ஆட்டம் நின்றுவிடும். இதே காரணத்துக்குத்தான் பாட்டை எப்போதும் 1-இலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் சட்டம்.

எல்லாம் முடிந்ததும் பேங்கை ஒரு பெயரில் 'சேவ்' செய்யுங்கள். பொத்தானில் வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து வேறு பேங்கைத் திறந்தால் ஒரு மணி நேர உழைப்பு ஆற்றோடு போய்விடும்.

உங்களிடம் இருப்பது பிஎஸ்ஆர்-இ463 அல்லது இ473 என்றால் கணக்கு வேறு. 8 பேங்க், பேங்குக்கு 4 பொத்தான், மொத்தம் 32 இடம். அதில் ஒரு பாட்டுக்கு ஒரு பேங்க் என்று போனால் எட்டுப் பாட்டோடு முடிந்துவிடும். பாட்டுக்கு இரண்டு பொத்தான், பாடும் இடத்துக்கு ஒன்று, இடையிசைக்கு ஒன்று என்று 16 பாட்டு வையுங்கள். மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும்.

பாட்டுக்கு எண்

பேங்கின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதவேண்டியிருக்கும். நம் பாட்டுப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக வரும். 'ழ'வுக்கு என்ன எழுத்துப் போட்டோம் என்று மேடையில் யோசிக்க முடியாது. அதனால் பெயருக்கு முன்னால் எண். 100 முதல் பக்திப் பாட்டு, 200 முதல் மெல்லிசை, 300 முதல் துள்ளல், 400 முதல் ஒளிவிழாவுக்கும் தேவாலயத்துக்கும். இப்படி மூன்று இலக்கமாக வைத்தால் திரையில் வரிசையும் குழம்பாது. ஒன்று, இரண்டு என்று தொடங்கினால் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கலாம்.

ஒரு தரம் கொடுத்த எண் வீட்டு இலக்கம் மாதிரி. புதுப் பாட்டு வந்தால் அந்த வரிசையின் கடைசியில் சேரும், நடுவில் நுழையாது. அதே எண்களோடு ஒரு பட்டியலைப் பாடகர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது, "அண்ணன், 112" என்று கேட்டால் போதும். பட்டியலை லாமினேட் செய்து கொடுத்தேன், ஏனென்றால் கல்லடிக் கடற்கரை மேடையில் வெறும் தாள் நிற்காது. ஒரு முறை என் கோர்ட் தாள்கள் முதல் வரிசைக் கதிரைகளில் போய் இறங்கின.

கட்டையையும் பெயரில் எழுதுங்கள்

ஒரே பாட்டை இன்று ஓர் அண்ணன் 1 கட்டையில் (சி சுருதியில்) பாடுவார், நாளை ஒரு தங்கச்சி 5 கட்டையில் (ஜி சுருதியில்) பாடுவார். இரண்டுக்கும் தனித்தனிப் பேங்க் வையுங்கள். எண் ஒன்றுதான், பின்னால் ஆண் அல்லது பெண் என்பதற்கு ஓர் எழுத்தும் கட்டையும். முதல் பேங்கை முடித்த பிறகு டிரான்ஸ்போஸை மட்டும் மாற்றி, 1-ஐ மீண்டும் பதிந்து, வேறு பெயரில் சேமித்தால் இரண்டாவது தயார். மற்றப் பொத்தான்களில் டிரான்ஸ்போஸின் அடையாளம் இருந்திருந்தால் அவற்றையும் மாற்றிப் பதியவேண்டும்.

நீங்கள் எல்லாவற்றையும் சி-யில் வாசித்துப் பழகியவர் என்றால் 2 கட்டைக்கு டிரான்ஸ்போஸ் கூட்டல் 2. 5 கட்டைக்குக் கூட்டல் 7 என்றும் வைக்கலாம், கழித்தல் 5 என்றும் வைக்கலாம். நான் கழித்தல் 5-தான். மேலே ஏற்றினால் வயலின் கீச்சிடும். பேஸ் கிட்டார்காரருக்கு 'சி' என்று சொல்லாமல் கட்டையைச் சொல்லுங்கள். உங்கள் விரல் சி-யில் இருந்தாலும் அவர் காதுக்கு வருவது ஜி.

ஒலியளவு

எல்லாப் பாட்டையும் ஒரே மாஸ்டர் அளவில், ஸ்பீக்கரில், ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துப் பாருங்கள். ஹெட்ஃபோனில் செய்யவேண்டாம். ஹெட்ஃபோனில் இதமாக இருக்கும் ஸ்ட்ரிங்ஸ், வெளியில் தவிலுக்குப் பக்கத்தில் காணாமல் போய்விடும். எது துருத்துகிறதோ அதன் அளவைத் திருத்தி மறுபடி சேமியுங்கள். சவுண்ட்காரர் உங்களை வாழ்த்துவார், அல்லது குறைந்தது திட்டமாட்டார்.

நிகழ்ச்சிக்குப் பட்டியல்

இவ்வளவும் ஆன பிறகுதான் நிகழ்ச்சிப் பட்டியல். 'பிளேலிஸ்ட்' என்பது பேங்குகளின் பெயர்களைக் கோத்த மாலை. பேங்குகள் இருந்த இடத்திலேயே இருக்கும், மாலையை மட்டும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாற்றலாம். ஒவ்வொரு பெயருக்கும், திறந்தவுடன் பொத்தான் 1 தானாக விழவேண்டும் என்று அதிலேயே அமைக்கலாம். பட்டியல் குலைந்தால் பிளேலிஸ்டை விட்டு வெளியே வந்து எண்ணைத் தேடினால் போயிற்று.

கால் பெடல் இருந்தால் 'ரெஜிஸ்ட்ரேஷன் சீக்குவென்ஸ்' என்பதில் 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்கை அமைத்து, பெடலை மிதிக்க மிதிக்க அடுத்ததுக்குப் போகவைக்கலாம். கடைசியில் என்ன நடக்கவேண்டும் என்றும் அது கேட்கும்: நிற்பதா, தொடக்கத்துக்குத் திரும்புவதா, அடுத்த பேங்குக்குப் போவதா. நிற்கட்டும். பாடகர் சரணத்தை இரண்டாவது தரம் பாடுகிறபோது தெரியாமல் மிதித்தால் அடுத்த பாட்டு திறந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

பென் டிரைவும் கரண்டும்

பேங்குகள் முழுவதையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து வையுங்கள், ஒன்று பையில், ஒன்று சட்டைப் பையில். ஃபோர்மட் செய்வதைக் கீபோட்டிலேயே செய்யுங்கள், முதலில் உள்ளே இருப்பதை எல்லாம் வேறிடத்தில் எடுத்துவிட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கவேண்டாம். ஜெனரேட்டர் மாற்றுகிற அந்த இரண்டு வினாடியில் கீபோட் அணைந்து மறுபடி எழும்பும், அதுவரை மேடையில் நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கவேண்டும். சின்ன யுபிஎஸ் ஒன்று அந்தச் சிரிப்பை மிச்சப்படுத்தும்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் நான் எண் விளையாட்டு விளையாடுவேன். மகள் குசினியிலிருந்து ஏதாவது ஓர் எண்ணைக் கத்துவாள், ஐந்து வரை எண்ணுவாள், அதற்குள் தொடக்க இசை கேட்கவேண்டும். போன கிழமை, "217 பெண்!" என்றாள். மூன்று எண்ணும் முன்னரே எடுத்துவிட்டேன். ஆனால் வந்தது 1 கட்டை. பெண் என்று பெயர் வைத்த பேங்குக்குள் ஆண் குரலுக்கான டிரான்ஸ்போஸ் கிடந்திருக்கிறது. மாற்றிவிட்டு 1-ஐப் பதிய மறந்துபோனேன்.