தளத்தில் தனிச்செய்தி வசதி சேர்ப்போர் கவனத்துக்கு

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இயங்கும் தளத்தில் பயனர்கள் தமக்குள் தனிச்செய்தி அனுப்பும் வசதியைச் சேர்க்கும்போது, அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்கிவிடாமல், உரையாடல்கள், பங்கேற்போர், செய்திகள் என மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒருவர் உரையாடலை நீக்கினாலும் மற்றவரிடம் அது இருந்தாக வேண்டும் என்பதால், நீக்கியதற்கான குறியையும் கடைசியாகப் படித்த செய்தியின் எண்ணையும் பங்கேற்போர் அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வைக்க வேண்டும். படிக்காத செய்திகளின் எண்ணிக்கையை அந்தக் கடைசி எண்ணைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அனுமதிச் சோதனை. முகவரியில் தெரியும் உரையாடல் எண்ணை மாற்றிப் பிறருடைய செய்திகளைப் படிக்க எவரும் முயலக்கூடும் என்பதால், உள்நுழைந்திருப்பவர் அந்த உரையாடலில் பங்கேற்பவர்தானா என்பதை ஒவ்வொரு கோரிக்கையின்போதும் சர்வரிலேயே சரிபார்த்தாக வேண்டும். இணைப்பைப் பக்கத்தில் மறைத்துவைப்பது ஒருபோதும் பாதுகாப்பாகாது. நம்மை நம்பித்தான் மக்கள் தனிப்பட்ட விஷயங்களை எழுதுகிறார்கள். செய்தியைத் திரையில் காட்டும்போது அதிலுள்ள எச்டிஎம்எல் (வலைப்பக்கங்களை எழுதும் மொழி) குறிகளையும் தவறாமல் செயலிழக்கச் செய்யுங்கள்.

எழுத்துகளைத் தரவுத்தளத்தில் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான எழுத்துக் குறியாக்கமாக யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்பதையே தேர்ந்தெடுங்கள்; மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 அமைப்பு ஒரு குறிக்கு 3 பைட்டுகளை மட்டுமே ஒதுக்குவதால், தமிழ் எழுத்துகள் அதில் அடங்கினாலும், 4 பைட்டுகள் தேவைப்படும் எமோஜிகள் அடங்குவதில்லை.