ஊசிப் பேனா ஐஸில் ஒட்டக் கூடாது

சர்க்கரை நோய்க்கும் எடை குறையவும் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிப் பேனாவை நெல்லை ஜங்ஷனில் வாங்கி அம்பாசமுத்திரத்துக்கோ திசையன்விளைக்கோ பஸ்ஸில் கொண்டு போகிறவர்கள், ஐஸ் பேக்கைத் துண்டில் நன்றாகச் சுற்றி, பேனாவை அட்டைப் பெட்டியோடேயே அகல வாய் ஃப்ளாஸ்க்கில் அதை ஒட்டாமல் வையுங்கள். புதுப் பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி வேண்டும், ஆனால் ஒருமுறை உறைந்துவிட்டால் மருந்து போச்சு. உருகிய பிறகு பார்க்கத் தெளிவாகவே இருந்தாலும் போடக் கூடாது. பஸ் பயணத்தில் வெயிலைவிட ஐஸுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். வீட்டிலும் அப்படித்தான், ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டு வேண்டாம், அங்கே பால் பாக்கெட்டே சில நாள் கட்டியாகிவிடும், நடுத்தட்டு போதும்.

போட ஆரம்பித்துவிட்ட பல டோஸ் பேனா 30 டிகிரிக்குள் சில வாரம் வெளியே இருக்கலாம். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் சாரல் நேரத்தில் குற்றாலம் போய்வர இவ்வளவு ஏற்பாடு தேவைப்படாது. சித்திரை, வைகாசியில் கதை வேறு, நம்மூர் நிழலே 30ஐத் தாண்டிவிடும்.