வேலைக்குப் போய்க்கொண்டே ப்ரீ-மெட் படிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் ப்ரீ-மெட் என்பது பெரும்பாலும் தனிப் பட்டம் அன்று. எந்தப் பாடத்தை முதன்மையாக எடுத்தாலும் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வை எழுதி, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வழி அது. இவ்வழியில் பகுதிநேர வேலையும் பார்க்க வேண்டியவர், அட்டவணையில் முதலில் குறிக்க வேண்டியது ஆய்வக நேரத்தைத்தான். விரிவுரையைத் தவறவிட்டால் நண்பரின் குறிப்பை வாங்கிப் படித்துக்கொள்ளலாம். கரிம வேதியியல் ஆய்வகத்திற்கு அத்தகைய மாற்று இல்லை. குடுவையில் படிகம் உருவாகத் தாமதமானால் 3 மணி நேர ஆய்வகம் எளிதில் நீண்டுவிடும் என்பதால், அது முடிந்த கையோடு தொடங்கும் ஷிஃப்டை ஒப்புக்கொள்ளக் கூடாது.

அடுத்தது மணிக்கணக்கு. ஒரு கிரெடிட் என்பது பொதுவாக வாரம் ஒரு மணி நேர வகுப்பு; அதற்கு வாரத்தில் வகுப்பறைக்கு வெளியே குறைந்தது 2 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 15 கிரெடிட்டுக்கு வகுப்பும் படிப்பும் சேர்ந்து 45 மணி நேரம் ஆகும். 20 மணி நேர வேலை சேர்ந்தால் 65. போக்குவரத்தும் உறக்கமும் இதில் அடங்கா. இது தாங்காது என்று தோன்றினால் 12 கிரெடிட்டுக்கு இறங்கலாம். அதற்கும் கீழே போனால் முழுநேர மாணவர் என்ற தகுதியும், அதைச் சார்ந்த நிதியுதவியும் பாதிக்கப்படலாம் என்பதால், முன்னதாகவே நிதியுதவி அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் உள்ளவர்கள் பருவம் நடக்கும்போது வளாகத்திற்குள் வாரம் 20 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்ய முடியாது.

எதையாவது குறைத்தே ஆக வேண்டும் என்றால், மதிப்பெண் சரிவதற்கு முன்பே வேலை நேரத்தைக் குறைப்பதுதான் என் கருத்தில் மலிவான வழி. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதப் பாடங்களின் ஜிபிஏவை, அதாவது சராசரி மதிப்பெண்ணை, தனியே கணக்கிடுகிறது. தோற்ற பாடத்தை மீண்டும் எழுதித் தேறினாலும், கல்லூரி பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டாலும், ஆம்காஸ் இரண்டையுமே சேர்த்துக்கொள்ளும். கூடுதல் ஷிஃப்டில் வந்த பணம் அந்த மதிப்பெண்ணைத் திருத்தித் தராது.

மருத்துவரின் குறிப்புகளைப் பதியும் ஸ்கிரைப், ஆம்புலன்ஸ் பணி, செவிலி உதவியாளர் போன்ற வேலைகள் மருத்துவ அனுபவமாகவும் கணக்கில் வரும். ஆயினும், கரிம வேதியியல் எடுக்கும் பருவத்தில் கூட்டம் குறைந்த நூலக மேசை வேலை இவற்றைவிட மேல்; அங்கே உட்கார்ந்தபடியே வேதிவினைகள் நடக்கும் வழிமுறைகளை வரைந்து பழகலாம். இரவு ஷிஃப்ட் முடித்து நேரே காலைத் தேர்வுக்குப் போவதை மட்டும் எந்த வேலையிலும் ஏற்க வேண்டாம்.

பருவத்தின் முதல் வாரத்திலேயே எல்லாப் பாடத்திட்டங்களிலும் உள்ள தேர்வுத் தேதிகளை ஒரே தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் விடுப்புக் கேட்பவரைவிட, எட்டு வாரங்களுக்கு முன்பே சொல்லி, பதிலுக்கு விடுமுறைக் காலத்தில் யாரும் விரும்பாத ஷிஃப்டை எடுத்துக்கொள்பவருக்கு அவர் எளிதில் இசைவார்.

எம்கேட்டுக்கு வேலைக்கு நடுவே துண்டு துண்டான நேரத்தில் தயாராகலாம். ஆனால் முழு மாதிரித் தேர்வை அப்படி எழுத முடியாது. நான்கு பிரிவுகள், 230 கேள்விகள், இடைவேளையோடு சுமார் ஏழரை மணி நேரம். எனவே, ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் ஒரு முழு நாளை முன்கூட்டியே விடுப்பாகக் குறித்துவிட வேண்டும். கோடையில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

உணவகத்தில் தட்டு எடுக்கும் வேலையாக இருந்தாலும் அதை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். ஆம்காஸ் 15 செயல்பாடுகள் வரை குறிப்பிட இடம் தருகிறது. ஊதிய வேலையும் அவற்றில் ஒன்றாகலாம். தொடங்கிய மாதம், மொத்த மணி நேரம், மேற்பார்வையாளரின் தொடர்பு விவரம் ஆகியவற்றை அது கேட்கும் என்பதால், சம்பளச் சீட்டு வரும்போதெல்லாம் மணிக்கணக்கை ஒரு தாளில் ஏற்றி வையுங்கள்.