வீட்டு ஃபர்னஸுக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: நாமே மாட்டலாம்

டொராண்டோ பக்கம் நவம்பர் பிறந்துவிட்டால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு ஓய்வு கிடையாது. இரவில் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டிருக்கும்போதும் சரி, பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் போய் வீடு காலியாகக் கிடக்கும்போதும் சரி, அதே 22 டிகிரிக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த வீண் எரிப்பை நிறுத்தத்தான், நேரத்துக்கு ஏற்ப வெப்பத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு மணி நேரமும் இருந்தால் நாமே மாட்டிவிடலாம். எங்கள் வீட்டில் மாட்டியபோது செய்த வரிசையிலேயே சொல்கிறேன், தவறிய இடத்தையும் சேர்த்து.

வாங்கும் முன் ஒரு பார்வை

மின்பெட்டியில் ஹீட்டிங்குக்கான பிரேக்கரை அணைத்துவிட்டு, சுவரில் இருக்கும் பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியை மட்டும் கழற்றுங்கள். உள்ளே தடித்த இரண்டு அல்லது நான்கு வயர்கள் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது சுவரோரமாக ஓடும் மின்சார ஹீட்டருக்கானது. 240 வோல்ட் வரை நேராக அதற்குள் வரும். ஈக்கோபீ, நெஸ்ட் போன்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்கள் அதற்கு ஆகாது. பேஸ்மென்டில் கேஸ் ஃபர்னஸ் இருக்கும் வீடுகளில் மெல்லிய வண்ண வயர்கள்தான் இருக்கும். அவற்றில் ஓடுவது 24 வோல்ட். இந்த விளக்கம் அந்த வீடுகளுக்கானது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வயரும் ஓர் எழுத்தின் கீழ் மாட்டப்பட்டிருக்கும். ஆர் என்றால் மின்சாரம் வரும் வயர். டபிள்யூ ஹீட்டிங், ஒய் ஏசி, ஜி காற்றாடி. வழக்கமாக ஆர் சிவப்பு, டபிள்யூ வெள்ளை என்று இருக்கும். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தை மட்டும் நம்புங்கள். முன்பு மாட்டியவர் கையில் கிடைத்த நிறத்தை எதற்கு வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

சி வயர்தான் பாதி வேலை

பழைய தெர்மோஸ்டாட் பேட்டரியிலேயே காலம் தள்ளிவிடும். வைஃபையும் திரையும் உள்ள ஒன்றுக்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும். ஆர் வழியே வரும் மின்சாரம் திரும்பிப் போக வழி கொடுத்து, அதை ஓயாமல் ஓட வைப்பது சி வயர். உங்கள் சுவரில் சி என்ற இடம் காலியாக இருந்தால் மனம் தளர வேண்டாம். வயர்க் கட்டைச் சுவரிலிருந்து மெதுவாக இரண்டு அங்குலம் வெளியே இழுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு நீல வயர், யாரும் தொடாமல், வெளி உறையைச் சுற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதே நீல வயரின் மறுமுனை ஃபர்னஸுக்குள்ளும் அப்படியே சுற்றிக் கிடந்தது.

ஃபர்னஸின் கீழ்க் கதவைத் திறந்தால் கட்டுப்பாட்டு போர்டில் அதே எழுத்துகள் வரிசையாக இருக்கும். நீல முனையின் தோலைச் சீவி சி திருகின் கீழ் வைத்து இறுக்குங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு வயர் இருந்தால் அது பெரும்பாலும் வெளியே உள்ள ஏசிக்குப் போவது. அதை எடுக்காமல் இதையும் சேர்த்து மாட்டலாம். கேஸ் குழாய், வால்வு பக்கம் மட்டும் கை போகவே கூடாது. அது உரிமம் பெற்றவரின் வேலை.

நான் தவறியது இங்கேதான். 24 வோல்ட் தானே என்று ஃபர்னஸின் சுவிட்சை அணைக்காமல் விட்டுவிட்டேன். ஆர் வயர் ஒரு கணம் சி-யில் உரசியது. சின்னதாக ஒரு பொறி, அப்புறம் எல்லாமே அமைதி. பயந்துபோனேன். போர்டில் கார் ஃப்யூஸ் போலவே தட்டையான ஊதா நிற 3 ஆம்ப் ஃப்யூஸ் ஒன்று இருந்தது; அதன் நடுக்கம்பி அறுந்திருந்தது. அது போனதால்தான் போர்டு பிழைத்தது. கடையில் சில டாலர்தான், ஆனால் வாங்கி வரும் வரை வீடு குளிரில் கிடந்தது. தயவுசெய்து ஃபர்னஸ் சுவிட்ச், பிரேக்கர் இரண்டையும் அணைத்துவிட்டே தொடங்குங்கள்.

உபரி வயரே இல்லையென்றால்? டொராண்டோவில் 2007-இல் தொடங்கிய ஈக்கோபீ, தன் சில மாடல்களோடு அதற்கென ஒரு சிறு இணைப்புப் பெட்டியையே தருகிறது. சுவர்ப் பிளக்கில் செருகும் 24 வோல்ட் அடாப்டரும் கிடைக்கிறது.

மாட்டும் நேரம்

எந்த வயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். பெட்டியோடு வரும் எழுத்துச் சீட்டுகளை ஒவ்வொரு வயரிலும் ஒட்டியபிறகு பழையதைக் கழற்றுங்கள். வயர்கள் சுவருக்குள் நழுவாமல் இருக்க ஒரு பென்சிலில் சுற்றி வைக்கலாம். சுவர் ஓட்டையைக் கொஞ்சம் பஞ்சால் அடைத்துவிடுங்கள். அதன் வழியே வரும் குளிர்காற்று சென்சாரை ஏமாற்றிவிடும். பிறகு அடித்தட்டை மட்டம் பார்த்துத் திருகி, ஒவ்வொரு வயரையும் அதன் எழுத்தில் செருகி, லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் சரியாகப் பிடிக்கவில்லை. பழையதில் ஹீட்டிங்குக்கும் ஏசிக்கும் தனித்தனியான ஆர் இடங்களான ஆர்எச், ஆர்சி இரண்டையும் இணைத்து ஒரு குட்டிக் கம்பி இருந்தால், அது புதியதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது, கையேட்டைப் பாருங்கள்.

ஃபர்னஸ் கதவைச் சரியாக மூடிவிட்டுக் கரண்ட் கொடுங்கள். கதவின் பின்னால் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. அது அழுந்தாவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும். எதையோ கெடுத்துவிட்டோம் என்று பலர் பதறுவது இதனால்தான்.

அமைப்புகளில் கேஸ் ஃபர்னஸ் என்று தேர்ந்தெடுத்து, வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டிவிட்டுக் கீழே போய் நின்று கேளுங்கள். முதலில் புகையை இழுக்கும் சிறு காற்றாடியின் ஓசை. பிறகு பற்றவைக்கும் கம்பி ஆரஞ்சாகச் சிவக்கும். ஒரு 'டிக்', உடனே தீ. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெரிய காற்றாடி சுற்றி, மேலே சூடான காற்று வரும். ஏசியைக் குளிர்காலத்தில் சோதிக்க வேண்டாம், கம்ப்ரசருக்குக் கேடு. வசந்தம் வரட்டும்.

நேர அட்டவணையில் தூக்கத்துக்கும் வீடு காலியாக இருக்கும் நேரத்துக்கும் 17, 18 டிகிரி வைக்கலாம். தினமும் 8 மணி நேரம் 4 முதல் 5.5 டிகிரி வரை குறைத்தால் ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துச் சூடாக்கும் கருவி) உள்ளவர்கள் அவ்வளவு குறைக்க வேண்டாம். திரும்பச் சூடேற்றும்போது துணை ஹீட்டர் ஓடி, மிச்சத்தைத் தின்றுவிடும்.

கழற்றிய பழையது வட்டமான மாடலாக இருந்தால் உள்ளே கண்ணாடிக் குமிழில் பாதரசம் மினுங்கலாம். அப்படியென்றால் அதைக் குப்பையில் போடாதீர்கள். உடையாமல் பொதிந்து, நகரத்தின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

எங்கள் தெர்மோஸ்டாட் கூடத்தில் இருக்கிறது. அம்மாவின் அறையோ வடக்குச் சுவரோரம். கூடம் 21 காட்டும்போது அங்கே 18தான் இருந்தது. தனியாக ஒரு அறை சென்சார் வாங்கி அவர் கட்டில் பக்கம் வைத்தோம். இரவில் மட்டும் அந்த சென்சாரைப் பார்த்து ஃபர்னஸ் ஓடும்படி அமைத்திருக்கிறேன். இப்போது அம்மா ஸ்வெட்டர் இல்லாமல் தூங்குகிறார்.