மட்டாஞ்சேரிக்குப் போகும் முன்

கொச்சியில் குடியேறிப் பதினோரு வருடமாகிறது. பொள்ளாச்சி உறவினர்கள் வந்தால் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு அழைத்துப் போவது என் வேலை. போவதற்கு முன் நான் அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் நாள். வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்தால் யூதர்களின் ஓய்வுநாள் பிறந்துவிடும். சனிக்கிழமை அந்தத் தெருவிலுள்ள ஜெப ஆலயம், அதாவது யூதர்களின் வழிபாட்டிடம், பூட்டியிருக்கும். வெள்ளி, சனியை விட்டுவிடுங்கள். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். செருப்பை வெளியே விட வேண்டும். அது நமக்குப் பழக்கம்தான்.

அடுத்தது, மூக்கைப் பார்த்து யூதரைக் கண்டுபிடிக்காதீர்கள். என் அத்தை மகன் சால்வைக் கடைக்காரரிடம், "நீங்கள் யூதர்தானே? முகமே சொல்கிறதே" என்றான். அவர் விலைப்பட்டியலை மடித்துவிட்டுச் சிரித்தார்: "ஸ்ரீநகர், சார். முஸ்லிம்." கொச்சி யூதர்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளம் பேசியவர்கள், அவர்களின் பெண்கள் பாடியதும் மலையாளப் பாட்டுதான். தாய் யூதர் என்றால் பிள்ளை யூதர். முறைப்படி மதம் மாறி வந்தவரும் யூதர். ஜெப ஆலயத்தின் வாசலையே மிதிக்காதவரும் யூதர்தான். இங்கிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானவர்கள் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அவர்களில் ஒருவரைச் சந்தித்தால், இஸ்ரேல் அரசு செய்வதற்கெல்லாம் அவரிடம் கணக்குக் கேட்காதீர்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் விளக்குகளை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் ஏ.பி. சேலத்தின் கதையைச் சொல்வேன். அவர் கொச்சி யூதர், வழக்கறிஞர். அடிமைகளின் வழிவந்தவர் என்று சொல்லி, 1568இல் கட்டிய இதே ஆலயத்தில் சரிசமமாக உட்கார அவருக்கு மற்ற யூதர்கள் இடம் தரவில்லை. சத்தியாகிரகம் செய்துதான் வழக்கத்தை உடைத்தார். 'யூதர்கள் எல்லோரும் ஒரே கட்டு' என்று நம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

'நம் நாட்டில் யூத வெறுப்பே கிடையாது' என்று மார்தட்டவும் அவசரப்படாதீர்கள். கொச்சி அரசர்கள் இடம் கொடுத்தது உண்மை. 1662இல் போர்த்துகீசியர் இந்த ஆலயத்தைச் சூறையாடியதும் உண்மை. 2008இல் மும்பையில் யூத மையமான நாரிமன் இல்லத்தைப் பயங்கரவாதிகள் தேடிப் போய்த் தாக்கினார்களே, அதுவும் நம் நாட்டில்தான். நம் பேச்சிலும் ஒன்று ஊறிக்கிடக்கிறது: காட்டிக்கொடுத்தவனைக் கண்டால் 'யூதாஸ்' என்கிறோம். இயேசுவும் மற்றப் பதினொரு சீடர்களும் யூதர்கள்தான் என்பது யார் நினைவுக்கும் வருவதில்லை.

கடைசியாக, புகழாதீர்கள். வேனில் வரும்போது சித்தி வாட்ஸ்அப்பில் வந்ததை உரக்க வாசித்தார்: யூதக் கர்ப்பிணிகள் பாதாம் தின்றுகொண்டே கணக்குப் போடுவார்களாம், அதனால்தான் பிள்ளைகள் மேதைகளாம். கேட்கத் தித்திப்பாக இருக்கும். ஆனால் 'பிறவியிலேயே மூளை' என்று தொடங்கும் பேச்சு, இரண்டாவது நிறுத்தத்திலேயே 'உலக வங்கிகள் எல்லாம் அவர்கள் கையில்' என்று போய் நிற்கும். யூதர்கள் ரகசியமாக உலகை ஆளத் திட்டமிட்டதாகச் சொல்லும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற நூல், வேறொரு நூலிலிருந்து அப்பட்டமாகத் திருடி எழுதிய போலி என்று லண்டன் டைம்ஸ் 1921இலேயே அம்பலப்படுத்திவிட்டது. அதன் சரக்கு இன்னும் பகிரப்படுகிறது.

இதையெல்லாம் சித்தி பொறுமையாகக் கேட்டார். தரையில் பதித்த சீன ஓடுகளைக் குனிந்து குனிந்து பார்த்தார். வேனில் ஏறி உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, "அது சரி, பாதாமை ஊறவைத்துச் சாப்பிடுவார்களா, அப்படியேவா?" என்று கேட்டார்.