காணாமல் போன திருச்செங்கோடு தொகுதியைத் தேடுவது எப்படி?

ஈரோட்டில் அப்பாவின் பழைய பூத் சிலிப்பில் நாடாளுமன்றத் தொகுதி 'திருச்செங்கோடு' என்றிருந்தது. எழுத்துப்பிழை என்றே நினைத்தேன். இல்லை, 2009க்கு முன்பு ஈரோடு நகரமே அதில்தான் இருந்தது. அதனால் ஊர்ப் பெயரை நம்பாமல், அடங்கிய சட்டமன்றத் தொகுதிகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளை எடுத்து, ஒரு கோடு போட்ட நோட்டில் தேர்தலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வென்றவரோடு தோற்றவரையும் எழுதணும், ருசியே அங்கேதான். 1998இல் வென்றவர் எடப்பாடி பழனிசாமி. 1999இல் மதிமுகவின் மு. கண்ணப்பனிடமும், 2004இல் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசனிடமும் தோற்றார்.

2008 தொகுதி மறுவரையறையில் அதன் சட்டமன்றத் தொகுதிகளில் திருச்செங்கோடு நாமக்கல்லுக்கும், மொடக்குறிச்சி ஈரோட்டுக்கும், எடப்பாடி சேலத்துக்கும் போயின. சரி, பழைய வாக்குகளைப் புதிய தொகுதியோடு ஒப்பிட மட்டும் செய்யாதீர்கள்.